ஹெட்மாஸ்டரின் மகள் படிக்கும் பள்ளி

"அதெல்லாம் இருக்கட்டும் சார். உங்க பொண்ணு எங்க படிக்குது?"

ஆம்ப்ரோஸ் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. ஒக்கலிபுரத்து அரசுத் தொடக்கப் பள்ளியின் ஹெட்மாஸ்டர் என்ற முறையில் அவர் மே மாத வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கிப் பிள்ளை பிடித்துக்கொண்டிருந்தார். மற்ற எல்லாக் கேள்விக்கும் பதில் தயாராக இருந்தது. இங்கிலீஷ் மீடியம் உண்டா? இந்த வருடத்திலிருந்து உண்டு. சாப்பாடு? உண்டு, முட்டையோடு. முட்டை ஆகாதவர்களுக்கு வாழைப்பழம். பால், புத்தகம், யூனிஃபார்ம், ஷூ எல்லாம் இலவசம். டீச்சர்கள் அடிப்பார்களா? அடிப்பதற்கு முதலில் பிள்ளைகள் வரட்டும் அம்மா.

ஆனால் கதவில் சாய்ந்து நின்ற உஷா, அவர் கொடுத்த நோட்டீஸை விசிறியாக்கி வீசிக்கொண்டே, கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டாள்.

பக்கத்தில் குடையோடு நின்ற உதவி ஆசிரியை சுப்புலக்ஷ்மி சட்டென்று வானத்தைப் பார்த்தாள். அவள் மகன் அச்யுத் நீச்சல் குளம் வைத்த ஒரு பள்ளியில் படிக்கிறான். அடுத்த கேள்வி தன்னை நோக்கி வந்துவிடக் கூடாதே என்ற கவலை அவளுக்கு.

"எங்க படிக்குதுன்னா..." என்று இழுத்தார் ஆம்ப்ரோஸ்.

உண்மை என்னவென்றால், அவருடைய ஒரே மகள் லவினா கன்டோன்மென்ட் பக்கத்தில் ஒரு கான்வென்ட்டில் படித்தாள். ஜூன் பிறந்தால் மூன்றாம் வகுப்பு. அந்தக் கான்வென்ட்டில் ஃபீஸ் அப்படியொன்றும் அதிகமில்லை, சீட்தான் கிடைக்காது. லவினாவுக்கு அந்த சீட்டை வாங்க அவர் மனைவி ஜோசஃபின் பங்குச் சாமியாரின் சிபாரிசுக்காகக் கோயில் பாடகர் குழுவில் சேர்ந்து இரண்டு வருடம் பாடினாள். ஜோசஃபினுக்குக் குரல் வளம் கிடையாது. அது அவளுக்கும் தெரியும், சாமியாருக்கும் தெரியும். பாட்டை நிறுத்துவதற்காகத்தான் சாமியார் சிபாரிசு செய்தார் என்று கோயிலில் பேசிக்கொள்வார்கள்.

இதையெல்லாம் உஷாவிடம் சொல்ல முடியுமா? இந்த வருடம் பிள்ளைகள் எண்ணிக்கை ஏறாவிட்டால் பள்ளியை மூடிப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவோம், உங்களை ஊருக்கு வெளியே ஆனேக்கலுக்கு அப்பால் எங்கேயாவது போட்டுவிடுவோம் என்று வட்டாரக் கல்வி அதிகாரி பத்ரிநாத் கைகுலுக்கிச் சொல்லியிருந்தார். உஷாவோ அந்தத் தெருவின் மகளிர் சங்கத் தலைவி. அவள் சரி என்றால் தெரு வரும். அவள் உதட்டைப் பிதுக்கினால் தெருவில் ஒரு பிள்ளைகூட எட்டிப் பார்க்காது.

"எங்க ஸ்கூல்லதாம்மா படிக்குது" என்று சொல்லிவிட்டார் ஆம்ப்ரோஸ்.

சுப்புலக்ஷ்மிக்குப் புரையேறியது.

உஷாவின் கையில் விசிறி நின்றது. "நெஜமாவா சார்?"

"பின்ன? நான் நடத்தற ஸ்கூல்ல என் பொண்ணு படிக்காம வேற யார் பொண்ணும்மா படிக்கும்?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆம்ப்ரோஸுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. பழக்கமில்லாதவர்கள் எப்போதும் ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்லிவிடுவார்கள். "மூணாம் கிளாஸ். பேரு லவினா" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"ஐயோ, என் பொண்ணு தர்ஷினியும் மூணாவதுதான் சார்!" உஷா படி இறங்கி வந்து தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏய், எல்லாரும் இங்க வாங்கடி! இத்தனை வருசமா எவ்ளோ பேரு வந்து எங்க ஸ்கூல்ல போடு, எங்க ஸ்கூல்ல போடுன்னு கேட்டிருக்காங்க? எவனாச்சும் தன் புள்ளைய போட்டிருக்கானா? இந்த மனுசர் போட்டிருக்காரு!"

குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை விட்டுவிட்டு வந்தார்கள். ஒரு கிழவர் வந்து ஆம்ப்ரோஸின் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று மாலைக்குள் அந்தத் தெரு, அடுத்த தெரு, ரயில் பாதையை ஒட்டிய சந்து என்று பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். அட்மிஷன் படிவம் தீர்ந்து, ஜெராக்ஸ் எடுக்கச் சுப்புலக்ஷ்மி ஓடினாள்.

"சார், பொண்ணு எங்கன்னு கேட்டா என்ன பண்ணுவீங்க?" என்றாள் திரும்பி வந்ததும்.

"யாரு கேக்கப் போறா? சேத்தாச்சு, முடிஞ்சு போச்சு" என்றார் ஆம்ப்ரோஸ்.

பள்ளி திறந்த அன்று காலை, மாவிலைத் தோரணத்துக்கு அடியிலேயே உஷா கேட்டாள். "பாப்பா எங்க சார்?"

"காய்ச்சல்மா."

மறுநாள் உஷா ஒரு ஃபிளாஸ்க்கில் மிளகுக் கஷாயம் கொண்டு வந்து கொடுத்தாள். அதை ஆம்ப்ரோஸே குடித்துவிட்டு, பாப்பாவுக்குக் கொஞ்சம் பரவாயில்லை என்றார். அதற்கு அடுத்த நாள் சங்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, "வீட்டு அட்ரஸ் சொல்லுங்க சார், போய் பாத்துட்டு வர்றோம்" என்று நின்றார்கள்.

ஆம்ப்ரோஸின் வீடு காக்ஸ் டவுனில். வாசலிலேயே, ஸ்கூல் திறப்புக்காகத் துவைத்துப் போட்ட லவினாவின் கான்வென்ட் யூனிஃபார்ம் கொடியில் தொங்கும்.

"வராதீங்கம்மா! அது சாதாரணக் காய்ச்சல் இல்ல. அம்மை போட்டிருக்கு. ஒட்டிக்கும்."

யோசிக்காமல் சொன்னதன் பலன் மறுநாள் காலை தெரிந்தது. பள்ளியில் ஈ காக்கை இல்லை. அம்மை போட்ட வீட்டிலிருந்து வருகிற ஹெட்மாஸ்டர் பிள்ளைகளின் தலையைத் தடவித் தடவி உள்ளே அனுப்பினாரே என்று தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. காலியாகக் கிடந்த பெஞ்சுகளுக்கு நடுவில் சுப்புலக்ஷ்மி அட்டெண்டன்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சார், இன்னும் ரெண்டு நாள் இப்படி இருந்தா பி.இ.ஓ. பத்ரிநாத் வந்து பூட்டிட்டுப் போயிடுவாரு. பொண்ண ஒரு நாள் கூட்டிட்டு வந்து காட்டிடுங்க. அம்மையும் இல்ல கிம்மையும் இல்லன்னு அவங்களே பாத்துக்கட்டும்."

நல்லவேளையாகக் கான்வென்ட் திறக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. "லீவுல வீட்ல சும்மாதானே இருக்கா, என்கூட வரட்டும்" என்று ஆம்ப்ரோஸ் வீட்டில் சொன்னபோது ஜோசஃபின் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பெண் பிறந்து எட்டு வருடத்தில் அவர் அவளை எங்கும் அழைத்துப் போனதில்லை. பெண்ணை எழுப்புவது, குளிப்பாட்டுவது, வேனில் ஏற்றுவது எல்லாம் ஜோசஃபின் வேலை. காலையில் வேன் வரும்போது ஆம்ப்ரோஸ் பாத்ரூமில் இருப்பார். அழுகிற குழந்தை மாதிரி ஏறி இறங்கும் அதன் ஹாரனை மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

ஸ்டோர் ரூமில் கிடந்த அரசு யூனிஃபார்ம் ஒன்றை மாட்டி, லவினாவை வகுப்பில் உட்கார வைத்தார். யார் கேட்டாலும் இங்கேதான் படிக்கிறேன் என்று சொல்லவேண்டும், அம்மாவிடம் மூச்சு விடக் கூடாது, மாலையில் ஐஸ்கிரீம் என்று ஒப்பந்தம். அம்மை இல்லை, வெறும் வேர்க்குரு என்று தெருவுக்குத் தகவல் போயிற்று. உஷா கேட்டுக்கு வெளியே நின்று லவினாவின் முகம், கை, கழுத்து எல்லாம் தூரத்திலிருந்தே ஆராய்ந்தாள். ஒரு தழும்பும் இல்லை. மதியத்துக்குள் தெரு திரும்பிவிட்டது.

ஆம்ப்ரோஸ் கணக்குப் போட்டது ஒரே ஒரு நாளுக்கு. ஆனால் லவினாவின் கணக்கு வேறாக இருந்தது.

கான்வென்ட்டில் பேசினால் பெயர் போர்டில் ஏறும். இங்கே தர்ஷினி என்று ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசினாள். கான்வென்ட்டில் டிபன் பாக்ஸைத் திறந்தால் எப்போதும் பிரெட் ஜாம். இங்கே சுடச்சுட சாம்பாரும் முட்டையும். அங்கே ஓடக் கூடாது. இங்கே ஓடாவிட்டால்தான் என்ன உடம்புக்கு என்று கேட்டார்கள்.

"நாளைக்கும் வருவியா பாப்பா?" என்று உஷா கேட்டபோது, ஆம்ப்ரோஸ் வாயைத் திறப்பதற்குள் லவினா முந்திக்கொண்டாள்.

"தினமும் வருவேன் ஆன்ட்டி!"

வந்தாள். கான்வென்ட் திறக்கும் நாளும் வந்தது. அன்று லவினா கட்டிலைப் பிடித்துக்கொண்டு, வேனில் ஏறமாட்டேன், டாடி ஸ்கூலுக்குத்தான் போவேன், இல்லையென்றால் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்று ஆம்ப்ரோஸின் காதில் மட்டும் விழும்படி சொன்னாள்.

"ஜோசி, இனிமே வேன் வேணாம். பாப்பாவ நானே கான்வென்ட்ல விட்டுட்டுப் போறேன்" என்றார்.

ஜோசஃபினின் கண் கலங்கிவிட்டது. "இப்பவாச்சும் தோணிச்சே" என்று அன்று அவர் டிபனில் ஒரு ஆம்லெட் அதிகமாக வைத்தாள். அந்த ஆம்லெட்டை ஆம்ப்ரோஸால் விழுங்க முடியவில்லை.

கான்வென்ட்டுக்கு "காய்ச்சல்" என்று ஒரு லீவு லெட்டர் போயிற்று. வீட்டிலிருந்து கான்வென்ட் யூனிஃபார்மில் கிளம்பும் லவினா, பள்ளி ஸ்டோர் ரூமில் அரசு யூனிஃபார்முக்கு மாறிக்கொள்வாள். ஒரு பெண்ணுக்கு இரண்டு பள்ளியிலும் காய்ச்சல் வந்தது அநேகமாக உலகத்தில் லவினாவுக்கு மட்டும்தான். இரண்டு வாரம் இப்படி ஓட்டிவிட்டு, எண்ணிக்கை எடுத்து முடிந்ததும், வீடு மாறிவிட்டோம் என்று ஏதாவது சொல்லிப் பெண்ணைக் கான்வென்ட்டுக்கே திருப்பிவிடலாம் என்பது அவர் திட்டம்.

"வேன்காரர் ரொம்ப நல்லவருங்க. ரோட்ல பாத்தா நிறுத்தி விசாரிக்கிறாரு" என்றாள் ஜோசஃபின் ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டின்போது. "பாப்பா ஏன் வர்றதில்ல, டி.சி. கிசி வாங்கிட்டீங்களான்னு கேட்டாரு. சேச்சே, அவங்க டாடியே கொண்டு போய் விடறாருன்னேன்."

"அவருக்கு என்ன வந்துச்சு?" என்று எரிந்து விழுந்தார் ஆம்ப்ரோஸ்.

திட்டம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எண்ணிக்கை எடுக்க இரண்டே நாள் இருக்கும்போது, முன்னறிவிப்பு இல்லாமல் பத்ரிநாத்தின் ஜீப் கேட்டுக்குள் நுழைந்தது. முன் சீட்டில் பத்ரிநாத். பின் சீட்டில் ஒரு சாமந்தி மாலையோடு உஷா.

"ஏன்ரீ மேஷ்ட்ரே!" என்ன வாத்தியாரே என்று கன்னடத்தில் கூப்பிட்டபடி பத்ரிநாத் இறங்கி வந்து ஆம்ப்ரோஸைக் கட்டிக்கொண்டார். "இந்த அம்மா ஆபீசுக்கு வந்து சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. சொந்தப் பொண்ண கவர்மென்ட் ஸ்கூல்ல போட்டிருக்கீங்களாம். பஹள சந்தோஷ, ரொம்ப சந்தோஷம்! இத ஏன் மறைச்சீங்க?"

"அது... விளம்பரம் எல்லாம் வேணாம்னு சார்."

"இப்பேர்ப்பட்ட மனுசர சும்மா விட்டுட முடியுமா சார்?" என்றாள் உஷா, மாலையை அவர் கழுத்தில் போட்டபடி.

லவினாவைக் கூப்பிட்டு நிறுத்திப் படம் எடுத்தார்கள். இலாகாவின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பும் முன், எல்லாம் முறைப்படி இருக்கட்டும் என்று பத்ரிநாத் ஆபீஸ் அறைக்குள் வந்து கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார். மூன்றாம் வகுப்பில் லவினாவின் பெயரைத் தேடினார். தர்ஷினி இருந்தாள். மற்ற எல்லாரும் இருந்தார்கள். லவினா இல்லை.

"சர்வர் டவுன் சார்" என்றார் ஆம்ப்ரோஸ். "ஒரு வாரமா டவுன்."

"மத்தவங்க எல்லாரும் வர்றாங்களே?"

"என் பொண்ணுக்கு மட்டும் டவுன் சார்."

"அட, அதுக்கென்ன, இப்பவே போட்டுடலாம். நான்தான் இருக்கேனே" என்றார் பத்ரிநாத். சுப்புலக்ஷ்மி லவினாவின் பெயரையும் ஆதார் நம்பரையும் தட்டினாள். இந்தக் குழந்தை வேறொரு பள்ளியின் பதிவில் இருக்கிறது, அங்கிருந்து இங்கே மாற்றலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது.

ஆம்ப்ரோஸ் திரையை மறைத்துக்கொண்டு நின்றார். "பழைய பதிவு சார். சின்ன வயசுல... அத அப்புறம் பாத்துக்கலாம்..."

"பாத்தீங்களா, இதான் பிரச்சின. பழைய ஸ்கூல்ல இன்னும் பேர எடுக்காம வெச்சிருக்காங்க" என்று அவரை மெல்ல நகர்த்திவிட்டு, பத்ரிநாத் தன் ஆள்காட்டி விரலாலேயே அழுத்தினார். "ஆய்த்து, அனுப்பியாச்சு! அந்த ஸ்கூல் சரின்னு சொல்லிட்டா முடிஞ்சது."

ஆம்ப்ரோஸுக்கு ஒரு நிமிடம் உயிர் வந்தது. கான்வென்ட்டில் அவ்வளவு சுலபமாகச் சரி சொல்லமாட்டார்கள். ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கவே ஒரு வாரம் நடக்க வேண்டும். அதற்குள் ஓடிப்போய் கான்வென்ட்டின் தலைமை சிஸ்டர் காலில் விழுந்துவிடலாம்.

டீ வந்தது. டீ ஆறுவதற்குள் கான்வென்ட்டிலிருந்து "சரி" வந்துவிட்டது. இலாகாவில் தான் சேர்ந்த நாளிலிருந்து இவ்வளவு வேகமாக ஒரு காரியம் நடந்து பார்த்ததில்லை என்று பத்ரிநாத் வியந்தார். உஷா வாசலில் நின்று பலமாகக் கை தட்டினாள்.

அன்று மாலை ஆம்ப்ரோஸ் வீட்டுக்குப் போனபோது, ஜோசஃபின் ஹாலில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். கையில் போன். அதில் மாலை போட்ட ஆம்ப்ரோஸும், அரசு யூனிஃபார்மில் சிரிக்கும் லவினாவும்.

"கான்வென்ட் சிஸ்டர் அன்னா அனுப்பினாங்க, இலாகா குரூப்ல வந்துச்சாம்" என்றாள். "உங்க வீட்டுக்காரர நினைச்சா பெருமையா இருக்குன்னு சொன்னாங்க."

"ஜோசி, நான் விளக்கமா..."

"ரெண்டு வருஷம். ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம, எல்லாரும் என்னப் பாத்து சிரிக்கறாங்கன்னு தெரிஞ்சே பாடினேன். உங்க ஸ்கூல காப்பாத்த என் பொண்ணத் தூக்கிக் குடுத்துட்டு வந்துட்டீங்க."

"நம்ம பொண்ணு."

"சீட்டுக்கு அலையும்போது என் பொண்ணு. மால போட்டுக்கும்போது நம்ம பொண்ணா?"

ஆம்ப்ரோஸ் பேச்சை மாற்றினார். "அந்த ஸ்கூலுக்கு என்ன கொறச்சல்? அங்க படிக்கிறதும் பிள்ளைங்கதானே?"

"அது உங்களுக்கு இத்தன வருஷமா தெரியலையா?" என்றாள் ஜோசஃபின்.

அவள் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். சாதாரணமாகத்தான் கேட்டாள். அதுதான் அவரை ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை.

காலையில் முதல் ஆளாகக் கான்வென்ட்டுக்கு ஓடினார். சிஸ்டர் அன்னா எழுந்து நின்று வரவேற்றார்.

"உங்களப் பத்தி இன்னிக்கு அசெம்ப்ளியில சொல்லப் போறேன் சார். எங்க டீச்சர்ஸுக்கும் ஒரு பாடம்."

"சிஸ்டர், அது ஒரு சின்ன தப்பு நடந்துபோச்சு. அந்த சீட்ட திரும்ப..."

"தயங்காதீங்க சார், நான் நல்லபடியா முடிச்சிட்டேன். உங்க பொண்ணு பேரு மாறுதுன்னு கம்ப்யூட்டர்ல வந்தப்போ, அந்த சீட்டுக்குக் காத்திருந்தவர் என் எதிர்லயே உக்காந்திருந்தார். ஸ்கூல் திறந்ததிலேருந்து தினமும் வந்து, மூணாவதுல இடம் காலியா சிஸ்டர்னு கேட்டுட்டே இருந்தார். கஷ்டப்படற குடும்பம். அவருக்கே குடுத்துட்டேன். உங்க தியாகத்தால இன்னொரு குழந்தைக்கு வழி பிறந்திருக்கு."

தியாகத்தை ஏற்றுக்கொண்டு ஆம்ப்ரோஸ் பஸ் ஏறினார்.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் வகுப்புக் கூரை நான்கு வருடமாக ஒழுகுகிறது. ஆம்ப்ரோஸ் வருடத்துக்கு ஒரு மனு எழுதி அனுப்புவார், பதில் வராது, பிள்ளைகளைச் சுவரோரமாக நகர்ந்து உட்காரச் சொல்வார். அன்று வராந்தாவில் நடந்துகொண்டிருந்தவர், மேலேயிருந்து ஒரு சொட்டு லவினாவின் தலையில் விழுவதைப் பார்த்தார். அவள் நிமிர்ந்து பார்த்து, தர்ஷினியோடு சேர்ந்து சிரித்தாள். இரண்டாவது சொட்டு தர்ஷினியின் தலையில் விழுந்தது. தர்ஷினி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவளுக்குப் பழக்கம்; அவள் வீட்டிலும் ஒழுகும் போலிருக்கிறது.

ஆம்ப்ரோஸ் வராந்தாவிலேயே நின்றுவிட்டார். நான்கு வருடமாக எத்தனையோ தலைகளில் விழுந்த தண்ணீர்தான். தன் பெண்ணின் தலையில் விழுந்த பிறகுதான் அது தண்ணீராக அவர் கண்ணுக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. குடையைக்கூட எடுக்காமல் நேராகப் பத்ரிநாத் ஆபீசுக்குப் போய், சொட்டச் சொட்ட அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"என்ன மேஷ்ட்ரே, மனு குடுங்க, பாக்கலாம்."

"மனு நாலு இருக்கு சார் உங்ககிட்ட. ஆள் வர்ற வரைக்கும் இங்கயே உக்காந்திருக்கேன்."

மாலை போட்டுப் படம் எடுத்து இலாகா முழுக்க அனுப்பிய மனிதரை எப்படி வெளியே தள்ளுவது? இரண்டாம் நாளே ஆட்கள் வந்து கூரையைப் பிரித்தார்கள்.

கூரைக்குப் பிறகு ஜோசஃபின் வந்தாள். "என் பொண்ணு படிக்கிற எடத்த நான் பாக்கணும்" என்று ஒரு சனிக்கிழமை உள்ளே நுழைந்தவள், கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாததைப் பார்த்துவிட்டு ஆம்ப்ரோஸை ஒரு பார்வை பார்த்தாள். அன்றே தச்சர் வந்தார். தண்ணீர்த் தொட்டி கழுவப்பட்டது. சுப்புலக்ஷ்மி வகுப்பில் போன் பார்ப்பதை நிறுத்தினாள். சாம்பாரில் பருப்பு கண்ணுக்குத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை தோறும் வந்து பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருவதாகவும் ஜோசஃபின் சொன்னாள். அதை மட்டும் தடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

எண்ணிக்கை எடுத்து முடித்துப் பள்ளி தப்பித்துவிட்டது என்று உத்தரவு வந்த அன்று, ஆம்ப்ரோஸ் தன் நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பொய்யில் ஆரம்பித்தாலும் நன்றாகத்தான் முடிந்திருக்கிறது. இப்போது யாராவது வந்து உங்கள் பெண் எங்கே படிக்கிறாள் என்று கேட்கமாட்டார்களா என்றுகூட அவருக்கு ஆசையாக இருந்தது.

கதவு தட்டப்பட்டது. உஷா வந்தாள். பின்னால் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் பணிவாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எங்க வீட்டுக்காரர் சார், அலெக்சாண்டர். காலைல போனா ராத்திரிதான் வருவாரு, அதான் உங்களப் பாத்ததில்ல."

"வாங்க, வாங்க. உக்காருங்க" என்றார் ஆம்ப்ரோஸ். "உங்க வீட்டம்மா இல்லேன்னா இந்த ஸ்கூலே இல்ல."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்று உஷா நாணினாள். "தர்ஷினிக்கு ஒரு டி.சி. வேணும்."

ஆம்ப்ரோஸுக்கு முதலில் புரியவில்லை. "டி.சி.யா? எதுக்கும்மா?"

"கன்டோன்மென்ட் பக்கம் கான்வென்ட் இருக்குல்ல சார், அங்க மூணாவதுல ஒரு சீட் காலியாச்சு. ஆண்டவர் புண்ணியத்துல நமக்குக் கிடச்சிடுச்சு. எண்ணிக்க எடுக்கிற வரைக்கும் உங்களுக்காகத்தான் சார் பொறுத்திருந்தோம். ஸ்கூல மூடிட்டா பாவம் இல்லையா?"

ஆம்ப்ரோஸ் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "நீதானேம்மா தெரு முழுக்கக் கூட்டிட்டு வந்தே? இப்ப நீயே போனா மத்தவங்க எல்லாம்..."

"யாரும் போக மாட்டாங்க சார், அதுக்கு நான் பொறுப்பு. கூரை போட்டாச்சு, தாப்பா போட்டாச்சு. ஹெட்மாஸ்டர் பொண்ணே இங்கதானே படிக்குது. இத விட நல்ல ஸ்கூல் எங்க கிடைக்கும்?"

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கேலியின் நிழல்கூட இல்லை. சுப்புலக்ஷ்மி டி.சி. புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். ஆம்ப்ரோஸ் பேனாவைத் திறந்து, தர்ஷினி என்று எழுதி, கையெழுத்துப் போடக் குனிந்தார்.

அப்போது கேட்டுக்கு வெளியே, முன்கூட்டியே வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்ட தர்ஷினி ஹாரனை அழுத்தினாள். அழுகிற குழந்தை மாதிரி அது ஏறி இறங்கியது.

ஆம்ப்ரோஸின் பேனா நின்றது. மெல்ல நிமிர்ந்து காக்கிச் சட்டையைப் பார்த்தார்.

"இந்த ஹாரன்..."

"நம்ம வேன்தான் சார்" என்றார் அலெக்சாண்டர், அதே பணிவோடு. "மூணு வருசமா லவினா பாப்பாவ கான்வென்ட்டுக்கு ஏத்திட்டுப் போனது நான்தானே. உங்க பொண்ணு எங்க படிக்குதுன்னு தெரியாமலா சார் அன்னிக்கு உஷா உங்களக் கேட்டா?"